எறாவும் நண்டும் ஒரே வம்சம்

பக்கத்து வீட்டில் எறா வேகும் வாடை வந்தாலே இப்போதெல்லாம் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துகிறேன். காத்திவாக்கத்தில் எந்த ஜன்னலை எத்தனை நாளைக்குச் சாத்துவது, சொல்லு தம்பி? கழிமுகத்தில் வலை இறங்கினால் தெரு முழுக்க அந்த வாடைதான்.

போன வாரம் உன் மகள் அந்த வீட்டில் ஒரே ஒரு எறாவைத் தின்றுவிட்டு ஓடிவந்தாள். "அத்தே, வாயெல்லாம் அரிக்குது." பார்த்தால் உதடு வீங்கிக்கொண்டிருந்தது. அப்படியே உன் முகம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஊசி போட்டதும் அவளுக்கு அடங்கிவிட்டது.

உனக்கும் அப்படித்தானே ஆரம்பித்தது? எறாவை விட்டாய். ஆனால் வீறாப்பாகச் சொல்வாய், "எறாதாங்க்கா ஒத்துக்கல. நண்டு இன்னா பண்ணிச்சு? அது வேற, இது வேற." ஊரே அப்படித்தான் நினைத்தது. சளி பிடித்தால் நண்டு ரசம் வைக்காத வீடு இங்கே ஏது? அன்றைக்கு உன் பெண்டாட்டி ஆசையாய் வைத்துக் கொடுத்தாள், நீயும் மடமடவென்று குடித்தாய். பாவி, கொஞ்ச நேரத்திலேயே மூச்சுக்குத் தவித்தாயாம். நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"நாள் பூரா கம்ப்யூட்டர்ல இன்னாத்தான்க்கா பாத்துகினு கீற?" என்று கேலி செய்வாயே, இதைத்தானடா பார்க்கிறேன். புரதங்களின் வடிவங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, எது எதற்குச் சொந்தம், எந்த மூதாதையிடமிருந்து பிரிந்தது என்று குடும்பம் குடும்பமாய்ப் பிரிக்கிறேன். நீ போன பிறகு எறாவில் ஒவ்வாமையைக் கிளப்புகிற புரதத்தையும் நண்டினுடையதையும் வைத்துப் பார்த்தேன். இரண்டு புரி சேர்த்துத் திரித்த கயிறு மாதிரி இருக்கும். ஒன்று மற்றதன்மேல் அச்சாகப் பொருந்தி உட்கார்ந்தது. கரப்பான்பூச்சிக்குள்ளும் அதே குடும்பத்துக் கயிறுதான்.

மீனிலும் அது உண்டு. ஆனால் மீனுடையது நம் உடம்பில் இருப்பதற்கு நெருங்கிய சொந்தம். உடம்பு பொதுவாக அதை எதிரியாக நினைக்காது. டாக்டரும் குழந்தைக்குச் சோதித்துப் பார்த்து, எறாவும் நண்டும் கூடாது, மீன் கொடுக்கலாம் என்றார். உன் பெண்டாட்டி நம்பவில்லை. "படிச்சவ நீ சொல்லுக்கா. மீன் துன்னா ஒன்னியும் ஆவாதில்ல? நீ சொன்னாதான் குடுப்பேன்." அந்தப் 'பொதுவாக'வை அவளிடம் எப்படியடா சொல்வேன்? "ஆவாதும்மா" என்றேன்.

இன்று மதியம் சங்கரா மீன் வறுத்தாள். முள்ளெடுத்து நானே ஒரு துண்டு ஊட்டினேன். மூச்சு முட்டினால் போடச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்த ஊசி என் மடியில் இருந்தது. உன் பெண்டாட்டி அடுப்பைப் பார்த்தபடியே நின்றாள், திரும்பவே இல்லை. குழந்தை மென்றாள், விழுங்கினாள். காத்திருந்தோம். கடிகாரத்தையும் அவள் உதட்டையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

"சூப்பரா கீது அத்தே, இன்னொரு துண்டு" என்று தட்டை நீட்டினாள்.

படித்ததெல்லாம் சரியென்று எனக்குத் தெரியும் தம்பி. இன்னொரு துண்டு வைக்கத்தான் கை வரமாட்டேன் என்கிறது.