என்னைக் கேட்காமல் சொன்ன பதில்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே அனல். டிபார்ட்மென்டில் இரண்டு தடவை கரண்ட் போனது. வேக்குவம் மெஷினில் கண்ணாடித் துண்டுகள் மேல் வெள்ளிப் படலம். ஒருவழியாகச் சரியாக வந்தது. இந்த மெஷினை ஓட்ட லேபில் இப்போது என்னை விட்டால் ஆளில்லை. கைடு சாருக்கே தெரியாது. பெருமைதான், எழுதிவைக்கிறேன்.

எம்.எஸ்சி. முடிந்தாயிற்று. வியாழன் பெங்களூர் பிஎச்.டி. இன்டர்வியூ, வீடியோவில். சார்: "தைரியமாப் பேசும்மா. அங்க எனக்குத் தெரிஞ்ச மேடம்தான். ஒரு வார்த்தை சொல்லிருக்கேன்."

செய்ய: நீலச் சுடிதார் இஸ்திரி. ஆப்டிக்ஸ் மறுபடி. ஹெட்போன் கவிதாவிடம். (இளங்கலையிலிருந்து ஒரே பெஞ்ச். இப்போது சாரிடமே ப்ராஜெக்ட் அசிஸ்டன்ட். அவள் இல்லாவிட்டால் நான் படித்தே இருக்கமாட்டேன்.)

ஜூன் 5, வியாழன்

இன்டர்வியூ முடிந்தது.

நன்றாகத்தான் போனது. முதல் கேள்வி: மெல்லிய படலம், தடிமன் மாறினால் நிறம் ஏன் மாறுகிறது? மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் மழை விட்ட பிறகு, பஸ்ஸடியில் ஒழுகிய டீசல் தண்ணீர்மேல் காட்டும் நிறங்களில் ஆரம்பித்தேன். ஒருவர் சிரித்தார், நல்ல சிரிப்பு. கடைசியில் அந்த மேடம்: "உங்க கைடுகிட்ட பேசினேன். நீங்க அவர்கிட்டயே பிஎச்.டி. சேர்றதா முடிவு பண்ணிட்டீங்கன்னு சொன்னாரே. அப்புறம் எதுக்கு இங்க?"

"இல்ல மேடம். நான் அப்படிச் சொல்லவே இல்ல."

திரையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "சரிம்மா, தேங்க்ஸ்." அவ்வளவுதான்.

அப்பா பள்ளிக்கூட ஆபீசுக்கு லீவு போட்டுக் கதவுக்கு வெளியே நின்றிருந்தார். "எப்படி மெர்சி?" நல்லாப் பண்ணேம்பா என்றேன். ரோஸ்மில்க் வாங்கிவந்தார். குடித்தேன்.

ஜூன் 6, வெள்ளி

மறுப்பார் என்று நினைத்துத்தான் சாரிடம் போனேன். மறுக்கவே இல்லை.

"ஆமா, சொன்னேன். உன் நல்லதுக்குத்தான். பெங்களூர் போய்க் கூட்டத்துல ஒருத்தியா நிக்கணுமா? நீ போயிட்டா இந்த மெஷினைத் தொட யாரு இருக்கா?"

"என்கிட்ட கேட்டிருக்கலாமே சார்."

"கேட்டா, போறேம்ப."

டீ வரவழைத்தார். எனக்கும் சேர்த்து.

போன வருடம் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நான் பரீட்சை எழுதிவிட்டு வரும்வரை வார்டில் உட்கார்ந்திருந்தவர் இவர்தான். அந்த ஆள் வேறு, இந்த ஆள் வேறு என்றால் எளிதாக இருக்கும்.

ஜூன் 7, சனி

கவிதாவிடம் சொல்லி அழ ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினேன். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஏப்ரல்லயே சொன்னாருடி, ஒன்னைய எங்கயும் விடப்போறதில்லன்னு. மெர்சிகிட்ட மூச்சு விடாத, படிப்பு கெட்டுரும்னாரு."

அத்தனை நாளும் எதிரே உட்கார்ந்து எனக்கு மாதிரிக் கேள்வி கேட்டாள். தப்பாகச் சொன்னால் திருத்தினாள். எதுக்கு?

தலைக்குக் குளித்தேன்.

ஜூன் 11, புதன்

லிஸ்ட் வந்தது. பெயர் இல்லை. வெயிட்டிங்கிலும் இல்லை.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அந்த மனுசன் கையைப் பிடிச்சு அழுதேனேம்மா, வார்டுல" என்றார்.

நடந்ததையெல்லாம் எழுதி மேடத்துக்கு நானே மெயில். சாயங்காலமே பதில்: இந்த வருடம் இடமில்லை. டிசம்பரில் மறுபடி எடுக்கிறார்கள். எம்.எஸ்சி. சான்றிதழோடு வரவும். சிபாரிசு வேறு ஆசிரியர்களிடம் வாங்கவும்.

"வேறு" என்ற சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அப்படியென்றால் நம்பியிருக்கிறார்.

ஜூன் 16, திங்கள்

சான்றிதழுக்கு, பாக்கி எதுவும் இல்லை என்று லேபிலிருந்து நோ-டியூஸ் தாள் வேண்டும். சார் கையெழுத்து. "கவிதாவுக்கு மெஷினைக் கத்துக்குடுத்துட்டு வாம்மா, போட்டுத்தாரேன்."

கத்துக்கொடுக்கிறேன். மெஷின் பேச்சு மட்டும். முதல்ல இந்த வால்வு. பம்பு சூடேறுற வரைக்கும் அதைத் தொடாத. அவள் ஒருமுறை "மெர்சி..." என்றாள். மீட்டரைப் பாரு என்றேன்.

இஷ்டத்துக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். தோன்றியது. முடியவில்லை.

ஜூன் 20, வெள்ளி

லேசான தூறல். கவிதா தனியாகவே ஒரு கண்ணாடித் துண்டில் படலம் போட்டாள். புள்ளி இல்லை, கீறல் இல்லை. சார் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சந்தோஷம். என் நோ-டியூஸ் தாளைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அவர் போனதும் கவிதா கதவைச் சாத்தினாள்.

"நானும் ஹைதராபாத்துக்கு அப்ளை பண்ணிருக்கேன்டி. சாருக்குத் தெரியாது. சொல்லிராத, என்ன?"

தாளை மடித்துப் பையில் வைத்தேன். சொல்லமாட்டேன்தான். ஆனால் அதை அவளிடம் சொல்லவில்லை.