காப்பிக்கு முந்தின மாத்திரை

என் செல்ல மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம். எழுத வேண்டுமே என்று எழுதும் நலம் இல்லை இது, இந்த முறை உண்மையாகவே நலம், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் சின்ன எஜமானரும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதுதான் விடிந்தது முதல் எங்களுக்கு நினைப்பு. போனில் பேசினால் போதாதா, அப்பா ஏன் பேனாவைத் தூக்கினார் என்று நீ யோசிப்பாய். போனில் பேசும்போது உன் அம்மா என் தோளுக்குப் பக்கத்திலேயே நிற்பாள், அவள் நிற்கும்போது எனக்கு அவளைப் பற்றி வாய் திறக்கத் துணிச்சல் வராது, உனக்கே தெரியும்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் உன் பிரசவத்துக்கு வர முடியாது, உன் மாமியாரையே கூட வைத்துக்கொள் என்று அவள் சொன்னாள். நீ பட்டென்று போனை வைத்துவிட்டாய். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அம்மாவுக்கு நம்மளவிட அந்தத் திரைச்சீலைக் கடைதான் பெருசாப் போச்சாப்பா என்று கேட்டாய். உண்மையைச் சொல்லக் கூடாது என்று உன் அம்மா என் வாயைக் கட்டியிருந்தாள். கடையும் இல்லை ஒன்றும் இல்லை, அவளுக்கு உடம்பு முடியவில்லை. வெயிலில் நிற்கும்போதும் என் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு குளிர்கிறது என்றாள். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கினாள். ஒருநாள் வளையம் மாட்டும் பக்கத்தைக் கீழே வைத்துத் தைத்து, ஒரு ஹோட்டலின் சன்னல்கள் முழுக்கத் தலைகீழாகத் திரை கொடுத்தாள். கடைக்காரர் நல்ல மனிதர், பிரித்துத் தைக்கச் சொன்னாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை. அதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். பாத்திரம் கழுவும்போது கையிலிருந்து கோப்பைகள் நழுவத் தொடங்கியதும்தான் பயந்துபோனாள். இந்தக் கைய நம்பி ஒரு பச்சப் புள்ளயத் தூக்கச் சொல்றீங்களா என்று என்னைக் கேட்டாள். அதுதானம்மா காரணம், உன் மேல் பாசம் குறைந்து அல்ல. அவளைப் பற்றி நீ ஒருநாளும் அப்படி நினைக்கக் கூடாது.

இத்தனைக்கும் தைராய்டு மாத்திரையை ஒருநாள் விடாமல் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்ப்பார், போதவில்லை என்று அளவை ஏற்றுவார், மறுபடி பார்த்தால் அதே கதை. கடைசியில் ஒருநாள், இத எப்படிப் போடுறீங்க, கொஞ்சம் சொல்லுங்க என்றார். நான்தான் முந்திக்கொண்டு பெருமையாகச் சொன்னேன். எங்கள் குடித்தனம் உனக்குத் தெரிந்ததுதானே. நான் ராத்திரி பேக்கரி வேலைக்குக் கிளம்புமுன் சாப்பாட்டு மேசையில் சேர்ந்து உட்காருவோம், காலையில் நான் மாவு ஒட்டிய கையோடு திரும்பி வந்ததும் சேர்ந்து காப்பி குடிப்போம், அப்புறம் அவள் கடைக்கு, நான் கட்டிலுக்கு. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது அந்த இரண்டு வேளைதான். அதனால் மாத்திரையையும் இரண்டாகப் பிரித்துவிட்டோம், பாதி என் காலைக் காப்பியோடு, பாதி ராத்திரிச் சாப்பாட்டோடு. நான் எதிரில் இருந்தால்தான் மறக்காமல் போடுகிறேன் என்று அவளும், என் கையால் கொடுத்தால்தான் எனக்குத் திருப்தி என்று நானும். எலும்புக்குப் போடும் கால்சியம் மாத்திரையும் அதே வாயில் போய்விடும். மாவை எடை போடாமலே சரிபாதியாக வெட்டுகிற கை என்னுடையது, அதனால் மாத்திரையையும் மாவு வெட்டும் தகட்டால்தான் வெட்டினேன். சாட்சிக்குச் சட்டைப் பையிலிருந்து ஒரு பாதியை எடுத்தும் காட்டினேன்.

டாக்டரம்மா அதை விரலில் வைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, ரொம்ப நல்லா வெட்டியிருக்கீங்க, ஆனா வெட்டவே வேணாம் என்றார். அது ஒரு தடவை உள்ளே போனால் நாள்கணக்கில் உடம்பில் நின்று நிதானமாக வேலை செய்யுமாம், சாப்பாடு மாதிரி வேளைக்கு வேளை பங்கு போட வேண்டியதில்லையாம். வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு போட்டு, ஒரு மணி நேரம் கழித்துத்தான் காப்பியோ பலகாரமோ தொட வேண்டுமாம். கால்சியம் அதற்கு நாலு மணி நேரம் தள்ளி. காப்பியோ சாப்பாடோ கால்சியமோ கூடப் போனால் மருந்து உடம்பில் சரியாகச் சேராதாம். இத்தனை காலம் மருந்தை வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டுபோய்க் கதவைச் சாத்தியிருக்கிறோம். வெளியே வந்ததும் உன் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள், நான் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். அப்புறம் இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

இப்போது எங்கள் சட்டமே மாறிவிட்டது. அவள் எழுந்ததும் தனியாக முழு மாத்திரையைப் போட்டுக்கொள்கிறாள். முதல் தட்டு ரொட்டி அடுப்பை விட்டு வெளியே வந்ததும் நான் பேக்கரியிலிருந்து போன் செய்து, போட்டாச்சா என்று ஒரே வார்த்தை கேட்பேன், அவள் ஆச்சு என்று வைத்துவிடுவாள். கூட வேலை செய்கிறவர்கள் என்னைப் புது மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறார்கள், கூப்பிட்டுவிட்டுப் போகட்டும். முதல் சில வாரம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. அப்புறம் ஒருநாள் நான் வீட்டுக்குள் நுழையும்போதே, குளியலறைக் குழாய் சொட்டுதுன்னு எத்தனை தடவ சொல்றது என்று சத்தம் போட்டாள். எவ்வளவு காலம் ஆயிற்று அந்தக் குரலைக் கேட்டு. எனக்குக் கண் கலங்கிவிட்டது, குழாயைக் கழற்றும் சாக்கில் துடைத்துக்கொண்டேன். போன வாரம் ரத்தம் பார்த்ததில், ஏற்றிய அளவையே கொஞ்சம் குறைத்துவிட்டார் டாக்டரம்மா. இனி பயணம் போகலாம் என்றும் சொல்லிவிட்டார்.

ஆமாம், அம்மா வருகிறாள். டிக்கெட் எடுத்தாயிற்று. வரமாட்டேன் என்ற வாயால் வருகிறேன் என்று சொல்ல அவளுக்குக் கூச்சம், போனைக் கையில் எடுப்பாள், வைத்துவிடுவாள். அவள் பேசும்போது முதல் தடவை கேட்பதுபோலக் கேட்டுக்கொள். உனக்கும் அங்கே இப்போது அதே மாத்திரை தொடங்கியிருப்பதாகச் சொன்னாயே, கூடவே இரும்புச்சத்து மாத்திரையும் உண்டு என்றாய், இரண்டையும் ஒன்றாக விழுங்காதே, எவ்வளவு இடைவெளி என்று உன் டாக்டரிடம் கேள். நாங்கள் செய்ததுபோல நீயாக எதையும் கூட்டவோ குறைக்கவோ வெட்டவோ வேண்டாம். உங்கள் ஊர்க் கடிகாரம் வேறு என்பதால் வந்து இறங்கிய நாளில் எப்போது போடுவது என்று அம்மா கேட்டு வைத்திருக்கிறாள். நீங்கள் இருவரும் எழுந்ததும் ஆளுக்கொரு தம்ளர் தண்ணீரோடு எதிரெதிரே உட்கார்ந்து போட்டுக்கொள்ளுங்கள். போட்டாச்சா என்று என் பங்குக்கு நீ கேள், மறக்காதே. எனக்கு இங்கே காப்பி கசக்கத்தான் செய்யும், பரவாயில்லை, உன் அம்மாவை உனக்குத்தானே அனுப்புகிறேன்.

நல்லபடியாகப் பிள்ளை பெற்று நீண்ட ஆயுளோடு நிறைந்து வாழ வேண்டும். மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள். கனமானது எதையும் தூக்காதே, படியில் மெதுவாக இறங்கு.

உன்னை நினைத்தபடியே இருக்கும்
அப்பா

மறந்துவிட்டேனே. பேக்கரியிலிருந்து நான் கொண்டுவந்த மூன்று கிலோ மாவுப் பொட்டலம் ஒன்றைத் துண்டில் சுற்றி, அம்மா தினமும் மார்போடு அணைத்துக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடக்கிறாள். கை பழகட்டும் என்கிறாள். இதுவரை ஒரு தடவைகூட நழுவவில்லை. அதைப் பிரிக்க என்னையும் விடவில்லை, பிள்ளை பிறந்த சேதி வந்ததும் அந்த மாவில்தான் ரொட்டி சுட்டு பேக்கரி முழுக்கக் கொடுக்கப் போகிறேன்.