பொட்டு வைத்த தண்டவாளம்

பேத்தி கூடத்தில் ரயில் விட்டுக்கொண்டிருக்கிறாள். பிளாஸ்டிக் தண்டவாளம், பேட்டரி எஞ்சின். நேராகப் போகிற வரைக்கும் நன்றாகத்தான் போகிறது. சோபாக் காலைச் சுற்றித் திரும்பும்போது கடைசிப் பெட்டி வெளிப்பக்கமாக ஏறிக் குப்புற விழுந்துவிடுகிறது. "ஆயா, இது ஏன் இங்கயே உழுது?" என்று கேட்டாள். பதில் எனக்குத் தெரியும், நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதான். அதை அவளுக்குச் சொல்வதை விட்டு, உள்ளே வந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நம் தலை தீபாவளி. வெள்ளைக்காரன் காலம், ஆவடிப் பக்கம் பட்டாளத்து லாரிகள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த சமயம். அம்பத்தூரில் ரயில் இறங்கி, தகரப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு கள்ளிக்குப்பம் வரைக்கும் நடந்தீர்கள். நான் பின்னால் வந்தேன். மாமனார் வீட்டுக்கு வருகிற மாப்பிள்ளை மூட்டை சுமப்பதா என்று வழியெல்லாம் கூசிக்கொண்டே வந்தேன். பெட்டிக்குள் நீங்கள் மாதக்கணக்கில் செய்த ரயில் இருந்தது. பட்டறையில் கழித்துப்போட்ட தகரத்தில் நாலு பெட்டி, ஓட்டைக் கடிகாரத்தின் சுருள்வில்லை வைத்துச் செய்த சாவி எஞ்சின்.

அது விளையாட்டுச் சாமான் இல்லை, எனக்குத் தெரியும். ரயில் பட்டறையில் கூலி வேலை, கையகலக் கழனி கிடையாது என்று எங்கப்பா உங்களை 'மாப்பிள்ளை' என்று கூப்பிட்டதே இல்லை. "பட்டறைக்காரரு வந்துட்டாரா?" என்றுதான் கேட்பார். உங்கள் கை என்ன செய்யும் என்று அவருக்குக் காட்ட வந்தீர்கள். அந்த வீட்டில் உங்கள் பக்கம் பேசினவள் எங்கம்மா ஒருத்திதான். "கழனியா தாலி கட்டப் போவுது? பையன் கண்ணப் பாத்து பேசறான், குடுங்க" என்று சொல்லி நம் கல்யாணத்தை நடத்தியவள் அவள்.

சாயங்காலம் கூடத்தில் தண்டவாளத்தை முட்டை வடிவமாகப் பூட்டி வைத்துவிட்டுக் குளிக்கப் போனீர்கள். திரும்பி வருவதற்குள் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். மங்கின விளக்கு வெளிச்சத்தில் சாவி கொடுத்தீர்கள். எஞ்சின் கிறுகிறுவென்று கிளம்பியது. வளைவில் முதல் பெட்டி ஏறிக் கவிழ்ந்தது, மற்றதையும் இழுத்துக்கொண்டு போயிற்று. எடுத்து வைத்தீர்கள். மறுபடியும் அதே இடம்.

"இன்னா மாப்ளே, ரயிலு கழனில எறங்கிடுச்சே! நாத்து நடப் போவுதா?" என்றான் பெரியண்ணன். கூடமே சிரித்தது. அப்பா வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, "இவுரு கை வச்ச வண்டியிலதான் ஊரே போவுது. இனிமே நான் மாட்டு வண்டிதாம்பா" என்றார்.

நீங்கள் குனிந்து வளைவில் விரலை ஓட்டினீர்கள். ஓரிடத்தில் விரல் நின்றது. நிமிர்ந்து எங்கம்மாவைப் பார்த்தீர்கள். விரலை எடுத்துக்கொண்டீர்கள். "வளைவக் கொஞ்சம் நெருக்கி வளச்சிட்டேன். என் தப்புதான்" என்றீர்கள்.

பொய். வீட்டில் அந்த வளைவில் எத்தனை தடவை ஓடிற்று என்று பார்த்தவள் நான். சக்கரத்தின் உள்பக்கம் இருக்கிற விளிம்பைக் காட்டி, "நேர்ல போறப்ப இது சும்மா கீது. வளைவுலதான் இதுக்கு வேல. அங்க ஒரு கல்லு மண்ணு இருந்தாலும் ஏறிடும்" என்று நீங்கள்தான் சொல்லியிருந்தீர்கள். கிட்டே போய்ப் பார்த்தேன். நல்ல நாளில் நிலைப்படிக்கு வைப்பதுபோல, தண்டவாளம் நெடுக மஞ்சள் குழைத்துப் பூசிக் குங்குமப் பொட்டு வைத்திருந்தாள் எங்கம்மா. மாப்பிள்ளை கொண்டுவந்த சாமானுக்குக் கண் படக்கூடாதென்று, நீங்கள் குளிக்கப் போன நேரத்தில் வைத்தது. கெட்டியாகக் காய்ந்து போயிருந்தது. நேரான இடத்தில் சக்கரம் அதன்மேல் குதித்துப் போய்விட்டது. வளைவில் ஏறிவிட்டது.

உங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்களே என்ற ஆத்திரம் எனக்கு. முந்தானையைச் சொம்புத் தண்ணீரில் நனைத்து, அத்தனை பேர் நடுவில், ஒரு பொட்டு விடாமல் துடைத்தேன். அதோடு விட்டேனா?

"இதப் போயி எவளாவது தண்டவாளத்துல வைப்பாளா? ஒண்ணும் தெரியலன்னா சும்மா இருக்கணும். படிக்காதவ கைய வச்சா இப்டிதான்!"

நான் அஞ்சாங்கிளாஸ். அந்தத் தெருவில் அவ்வளவு படித்த பெண் நான் ஒருத்திதான்.

ரயில் ஓடிற்று. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. சிரிப்பெல்லாம் இப்போது அம்மா பக்கம் திரும்பியது. "பொட்டு வச்சே ரயில கவுத்துட்டா பாரு எம் பொண்டாட்டி!" என்று அப்பா தொடையைத் தட்டினார். பிறகு, "இன்னொரு தபா உடுங்க மாப்ளே" என்றார்.

மாப்ளே. எதற்காக அவ்வளவு தூரம் சுமந்து வந்தீர்களோ அது கிடைத்துவிட்டது. நான் பெருமையாக உங்களைப் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. அம்மா எழுந்து போன அடுப்பங்கரைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

எஞ்சினைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனீர்கள். நான் பின்னாலேயே வந்து கதவோரம் நின்றேன்.

"அத்தே, தண்டவாளம் வேணாம், இந்தாங்க, எஞ்சினு நெத்தி. இதுல வைங்க. மூஞ்சி மூளியா கீது பாருங்க."

அம்மா மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. "போ நைனா, திரும்ப கவுந்துக்கும்."

"நெத்தியில வச்சா கவுந்துக்காது அத்தே. கவுந்தா நான் பட்டறைய உட்டுட்டு உங்க மாட்ட மேய்க்க வந்துடறேன்."

அம்மா சிரித்துவிட்டாள். நீங்களும் சிரித்தீர்கள்.

உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார எனக்குக் கால் வரவில்லை. நான் சொன்னது தப்பில்லை, ரயில் ஓடியதே என்று மனசு வாதாடிக்கொண்டிருந்தது. மறுநாள் அம்மா எப்போதும்போல எனக்குத் தலை பின்னிவிட்டாள். நீங்களும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பிப் பேசித் தீர்த்திருப்பேன். அவளும் போய்விட்டாள், நீங்களும் போய்விட்டீர்கள்.

இந்த வீட்டில் இன்றைக்கும் எந்த வாக்குவாதத்திலும் நான் சொல்வதுதான் சரியாக இருக்கும். மருமகளைக் கேட்டால் சொல்வாள். ஒவ்வொரு தடவையும் நான் ஜெயித்து முடிக்கும்போது, எங்கோ உள்ளே இரண்டு பேர் சிரிக்கிறார்கள். நான் கதவோரம் நிற்கிறேன்.