அப்பா பெயரில் வரவிருந்த பாலம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சௌக்கியம், நீயும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளையும் அப்படியே இருக்க காலையும் மாலையும் வேண்டிக்கொள்கிறேன். அப்பா சௌக்கியம் என்பதை இன்னொரு தடவை படித்துவிட்டு மேலே படி. போன மாதம் அவருக்கு நெஞ்சில் ஒரு ஆபரேஷன் நடந்தது, போனில் உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டார், கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். ஆஸ்பத்திரிக் கணக்கெல்லாம் நேர் செய்தாகிவிட்டது, பணம் அனுப்பாதே. இப்போது மாடிப்படி ஏறுகிறார், குழம்பில் உப்பில்லை என்று சண்டை பிடிக்கிறார், வேறென்ன வேண்டும்.

கூத்து அதற்கப்புறம்தான். தெருமுனைக் கால்வாயில் மரப்பாலத்தை எடுத்துவிட்டுப் புதுப்பாலம் கட்டினார்கள் இல்லையா, அதற்கு இங்கே வாழ்ந்து மறைந்த ஒருவர் பெயரை வைக்கலாம் என்று நகராட்சி கேட்டிருந்தது. அப்பா கண் திறக்காமல் கிடந்த வாரத்தில் நம் தெருக்காரர்கள் இனி அவர் தேற மாட்டார் என்று முடிவுகட்டி, மழைக்கு மழை பழைய பாலத்துக்குப் பலகை மாற்றிப் போட்ட தச்சர் என்று அவர் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். கெடு தாண்டிவிடுமே என்ற அவசரம், பாவம். நகராட்சி கிளார்க் துக்க முகத்தோடு வந்து கதவைத் தட்ட, திறந்தது அப்பா. "காலமானவரோட வீடு இதுதானே?" என்று அவர் கேட்க, "அது நான்தான், உள்ள வாங்க" என்கிறார் இவர். சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார், தையல் பிரிந்துவிடும் என்று அதட்டி உட்கார வைத்தேன். உயிரோடிருப்பவர் பெயரை வைக்க விதியில்லை, நாளைக்குள் வேறு பெயர் வராவிட்டால் பாலத்துக்கு வெறும் நம்பர்தான் என்று சொல்லிவிட்டுப் போனார் கிளார்க்.

சாயங்காலம் தெருவே மன்னிப்புக் கேட்க வந்தது. முன்னால் நின்றவள் இரண்டு வருஷம் முன்பு போய்ச் சேர்ந்த வெல்டரின் மனைவி. "நான்தாண்ணே முதல்ல உங்க பேரைச் சொன்னது, கோவிச்சுக்காதீங்க" என்றாள். அப்பா சிரிப்பை நிறுத்திவிட்டார். "மேல நின்னு ஆணி அடிச்சது நான், இடுப்பளவு தண்ணியில இறங்கி இரும்புச் சட்டத்தைத் தாங்கிப் பிடிச்சது யாரு? உன் புருஷன் பேரை ஏம்மா சொல்லல?" என்று கேட்டார். "ஊரே மறந்துபோனதை நானா போய்க் கேக்குறது?" என்றாள் அவள். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு அப்போதே வீடு வீடாகக் கையெழுத்து வாங்கக் கிளம்பிவிட்டார், மாத்திரையும் தண்ணீருமாக நான் பின்னாலேயே. மறுநாள் நகராட்சி கதவு திறக்கும் முன்பே வாசலில் நின்றோம்.

நேற்று பெயர்ப்பலகை வைத்தார்கள், வெல்டரின் பெயர் பெரிய எழுத்தில். அவள் அண்ணாந்து பார்த்து, "இருந்த காலத்துல ஒரு நாளாச்சும் ஒரு இடத்துல நின்னாரா இந்த மனுஷன், இப்ப பாருங்க" என்றாள், கூட்டமே சிரித்தது. நாங்களெல்லாம் வீடு திரும்பிய பிறகும் அவள் மட்டும் அங்கேயே நின்றிருந்தாள்.

செத்ததாகப் பேச்சு வந்தால் ஆயுள் கூடும் என்பார்கள், அந்தக் கணக்கில் உன் அப்பாவுக்கு ஆயுள் கெட்டி. ஆபரேஷன் விஷயத்தை அவராகச் சொல்லும்வரை தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. குளிரில் பிள்ளைக்குக் காதை மூடி அனுப்பு. கடவுள் உங்களை எந்தக் குறையுமில்லாமல் காப்பாராக.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா