எஞ்சினுக்குள் அடித்த சிவப்பு

சிங்காநல்லூர்,
2-8-1995

அன்புள்ள மாமாவுக்கு ராசாத்தாள் எழுதுவது. நானும் பாப்பாவும் உடம்பால் நன்றாக இருக்கிறோம். மனசுதான் நன்றாக இல்லை. அதனால்தான் போன கடிதத்துக்கு உங்கள் பதில் வருமுன்பே இதை எழுதுகிறேன். மஸ்கட்டில் வெயில் குறைந்ததா? மூக்கில் ரத்தம் வருவது நின்றதா? என் தம்பி சென்னியப்பனுக்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள், உங்கள் உடம்பைப் பற்றி எனக்கு இரண்டு வரி எழுதினால் ஆகாதா?

பாப்பாவுக்குச் சளி விட்டுவிட்டது. பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். கணக்கில் மட்டும் உங்களைப் போல, வாயால் போட்டுவிட்டு எழுதும்போது கோட்டை விடுகிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். கோபப்படாமல் கடைசி வரை படியுங்கள்.

ஆடியில் முகூர்த்தம் இல்லை, வாடகைக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று சென்னியப்பன் அம்பாசிடர் எஞ்சினை இறக்கிப் பிரித்தது உங்களுக்குத் தெரியும். உங்களைக் கேட்டுத்தானே எல்லாம் செய்வான்? நீங்களும் அவனுக்கு எழுதினீர்கள். அங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் பந்தயக் காரின் எஞ்சினுக்கு உள்பக்கம் பெயிண்ட் அடித்ததைப் பார்த்தேன், அப்படி அடித்தால் ஆயில் சுவரில் தங்காமல் சீக்கிரம் கீழே இறங்கும், எஞ்சினை வார்த்தபோது உள்ளே ஒட்டின மண்ணும் உதிராது என்றெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில், “பூட்டுவதற்கு முன்னால் உள்ளே சிவப்பு அடித்துவிடு” என்று ஒரு வரி.

நான் அந்த வரியைப் படித்தேன். எனக்குப் புரிந்தது. தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற பட்டறையில் சிவப்பு என்றால் காயிலுக்கு அடிக்கிற வார்னிஷ். கல்யாணமான புதிதிலிருந்து நம் பட்டறையில் காயில் சுற்றி, சிவப்பில் முக்கி, சூட்டில் வைத்து எடுத்தவள் நான். அது காய்ந்து இறுகிவிட்டால் எண்ணெயில் கிடந்தாலும் அசையாது. ஆனால் சென்னியப்பன் என்றைக்கு நம் பட்டறையில் உட்கார்ந்தான்? சின்ன வயதிலிருந்தே காருக்குப் பின்னால் சுற்றினவன். கார்க்காரர்களுக்குச் சிவப்பு என்றால் டிங்கரிங் முடிந்ததும் தகரத்துக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடு. அவன் அதைத்தான் வாங்கி, இரண்டு கோட் அடித்து, காயவைத்துப் பூட்டச் சொல்லிவிட்டான்.

டப்பாவில் மிச்சம் இருக்கிறதென்று நம் வீட்டுக் கேட்டுக்கு அடித்தபோதுதான் எனக்கே தெரிந்தது. “ஏனுங்க அக்கா, கேட்டு எப்படி இருக்குது, வந்து பாருங்க” என்று கூப்பிட்டான். கேட் நன்றாகத்தான் இருந்தது. வாசனைதான் வேறாக இருந்தது. இது ஏது பெயிண்ட் என்றேன். “எஞ்சினுக்கு அடிச்சதுல மிச்சமுங்க” என்றான். அது சூடான எண்ணெயில் நிற்காதே, உரிந்துவிடுமே!

வாயால் சொல்லிப் பார்த்தேன், சிரித்தான். சரி என்று ஒரு இரும்புப் பட்டையில் அதே பெயிண்டை அடித்து நன்றாகக் காயவிட்டு, பழைய வாணலியில் எஞ்சின் ஆயிலைச் சூடாக்கி உள்ளே போட்டேன். கொஞ்ச நேரத்தில் பாலாடை மாதிரி சுருங்கிக்கொண்டு உரிந்து வந்தது. வீடெல்லாம் புகை. அம்மா பஜ்ஜியைக் கருக்கிவிட்டாள் என்று பாப்பா வாசலில் நின்று கத்துகிறாள். சென்னியப்பன் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அடுப்புல போட்டு வறுத்தா எதுதானுங்க அக்கா உரியாது? மாமா சொன்னதைச் செஞ்சுபோட்டேன். அவரு பார்க்காததையா எழுதுவாரு?” என்றான்.

உக்கடம் போய், எஞ்சினைப் பூட்டிய மெக்கானிக் ஜபருல்லாவைக் கேட்டேன். அவர் பெயிண்டைப் பார்த்துவிட்டுத்தான் பூட்டியிருக்கிறார். “உங்க வீட்டுக்காரரு வெளிநாட்டுல இருந்து எழுதுனாருன்னு தம்பி சொன்னாருங்க. அங்கத்த வேலை நமக்கு என்னங்க தெரியும்? நல்லதாத்தான் இருக்கும்னு விட்டுப்போட்டேன்” என்கிறார். உரிந்தால் என்ன ஆகும் என்றேன். அதற்கு மட்டும் உடனே பதில் வந்தது. உரிந்ததெல்லாம் அடியில் ஆயில் பம்பின் சல்லடையில் போய் அடைத்துக்கொள்ளும், ஆயில் மேலே ஏறாது, எஞ்சின் ஓடுகிற ஓட்டத்தில் இறுகி நின்றுவிடும் என்றார். சரி, உரியுமா உரியாதா என்றேன். “உரிஞ்சாலும் உரியும், உரியாமயும் போகுமுங்க அம்மணி” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

வண்டி ஓடாமல் இருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருக்கும். நன்றாக ஓடுகிறது. கிணத்துக்கடவு வரைக்கும் போய்த் திரும்பினோம். நானும் பாப்பாவும் பின்னால் உட்கார்ந்திருந்தோம். வழியெல்லாம் உங்கள் புகழ்தான். நானே வீணாகப் பயப்படுகிறேனோ என்றுகூட நினைத்தேன். வீட்டுக்கு வந்து அவன் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவி வெள்ளைத் துணியில் துடைத்தேன். ஆயில் புதுசு, தேன் நிறம். அதில் மிளகாய்த்தூள் தூவினது போலச் சிவப்புத் துணுக்குகள். அந்தத் துணியை வெட்டி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி இந்தக் கவருக்குள் வைத்திருக்கிறேன். வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.

அதையும் அவனிடம் காட்டினேன். பூட்டின புதிதில் கொஞ்சம் பொடி வரத்தான் செய்யும் என்றான். பேசிப் பயனில்லை என்று வண்டிச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். சாவி இல்லாமல் ஒயரைச் சேர்த்து வண்டியைக் கிளப்ப அவனுக்குத் தெரியும். அப்படிச் செய்ய மாட்டான், என் கையிலிருந்து வாங்கித்தான் எடுப்பான் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். அன்றிலிருந்து அவன் என் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. பின்கட்டில் குடியிருந்துகொண்டு தெரு வழியாகச் சுற்றிப் போகிறான். அவன் பெண்டாட்டி மாசாணியம்மாளிடம், “மாமா ஒரு வார்த்தை எழுதட்டும், நானே பிரிச்சுப்போடறேன். அக்கா சொல்லி நான் பிரிக்க முடியாது” என்று சொல்லி அனுப்பினான். அவளுக்கு இது ஐந்தாம் மாதம். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆவணிக் கடைசி முகூர்த்தத்துக்குப் பெண் வீட்டாரை வால்பாறை எஸ்டேட்டுக்கு ஏற்றிப்போக வாக்குக் கொடுத்திருக்கிறான். அந்த மலையில், ஆள் நிறைந்த வண்டி, வளைவுக்கு வளைவு முதல் கியரில் எஞ்சின் கொதிக்க ஏற வேண்டும். பாதி வளைவில் எஞ்சின் இறுகி, மேலேயிருந்து பஸ் இறங்கி வந்தால்... பூத்துக்குப் போய் உங்கள் கேம்புக்குப் போன் போட்டேன். நீங்கள் உள்ளே சைட்டுக்குப் போய்விட்டீர்கள், அங்கே கடிதம்தான் போகும் என்றார்கள்.

பிரித்துவிட்டு நம் வார்னிஷையே அடிக்கட்டும் என்றும் எழுதிவிடாதீர்கள். நாம் வார்னிஷ் அடித்தது புதுக் கம்பிக்கு. இது இத்தனை வருஷம் எண்ணெய் குடித்த இரும்பு, எத்தனை கழுவினாலும் எண்ணெய் கசியும், வார்னிஷும் பிடிக்காது. நீங்கள் அங்கே பார்த்தது புது எஞ்சினாக இருக்கும். உள்ளே இருப்பதைச் சுரண்டி எடுத்துவிட்டு வெறும் இரும்பாகவே பூட்டட்டும். பெயிண்ட் இல்லாமல் ஓடின வண்டிதானே!

தப்பு யாருடையது என்று நான் பேச வரவில்லை. ஆனால் மாமா, சிவப்பு என்று எழுதின கை காயில் வார்னிஷ் என்று எழுதியிருந்தால் சுளுக்கிக்கொண்டிருக்குமா? அக்காவிடம் டப்பாவைக் காட்டு என்று எழுதியிருந்தாலும் போதும், மூடியைத் திறக்கும்போதே சொல்லியிருப்பேன். இந்த வீட்டில் வார்னிஷ் தெரிந்தவள் ஒருத்தி இருக்கிறாள் என்பது உங்களுக்கும் நினைவுக்கு வரவில்லை, அவனுக்கும் வரவில்லை. அது எனக்கு வலிக்கிறது. அழுதும்விட்டேன், போகட்டும்.

அவனுக்கு ஒரே வரி எழுதுங்கள், வண்டியைப் பிரி என்று. நீங்கள் சொன்னது தப்பு என்று எழுத வேண்டாம். அக்கா சொன்னது சரி என்றும் எழுத வேண்டாம். இங்கே ஒருத்தர் பழைய வண்டிக்கு ஆகாது என்கிறார் என்று எதையாவது எழுதுங்கள். அவனுக்கு உங்கள் கையெழுத்து இருந்தால் போதும். முடிந்தால் தந்தி கொடுங்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். வெயிலில் தலையில் துண்டு இல்லாமல் நிற்காதீர்கள். நாம் கும்பிடுகிற மாசாணித்தாய் உங்களுக்கும் அவனுக்கும் ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்ளட்டும்.

ஒருவேளை நீங்களும், ஒன்றும் ஆகாது, சாவியைக் கொடு என்று எழுத நினைத்தால், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், எழுதாமலே இருந்துவிடுங்கள். கடிதம் வரவில்லை என்று அவனிடம் சொல்லிக்கொள்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து உங்கள் பேச்சை நான் தட்டினதில்லை. இந்தச் சாவியை நான் கொடுக்கப் போவதும் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் ராசாத்தாள்