எறும்பு எழுத்தும் முழு மெஷினும்

மார்ச் 4, செவ்வாய்

ஊருக்குத்தான் உபதேசம். முப்பது வருடம் வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்த்தவர் வீட்டு மெஷின் இன்றும் தடதடவென்று ஆடிக்கொண்டேதான் துவைத்தது. சொன்னால், "அதான் ஓடுதுல்ல?" என்கிறார் என் வீட்டுக்காரர்.

இவர் வரையும் மெஷின் படங்களைப் போடும் எங்கள் வெப்சைட்டுக்கு ஒரு பெண் எழுதியிருக்கிறாள். "படம் அருமையா இருக்கு. ஆனா போன்ல எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி தெரியுது. ஒரு கையில டார்ச், இன்னொரு கையில ஸ்க்ரூடிரைவர். எந்தக் கையால பெருசாக்கிப் பார்க்கிறது?"

நியாயமான கேள்வி. இந்த மாதிரி வரும் மூன்றாவது கடிதம் இது.

மார்ச் 6, வியாழன்

கணக்கெடுத்துப் பார்த்தேன். பத்துப் பேர் வந்தால் எட்டுப் பேர் போனில் வருகிறார்கள். அதில் ஆறு பேர் ஒரு நிமிடம்கூட இருப்பதில்லை. இவரிடம் மெதுவாகச் சொன்னேன்.

"படத்தை வெட்டணும்ங்கிறியா?"

"வெட்டணும்னு சொல்லலீங்க. போனுக்கு ஏத்த மாதிரி..."

"மெஷினை முழுசா பார்க்காம கையை வைக்கிறவன் மெக்கானிக்கே இல்லை."

பிடித்த முயலுக்கு மூன்று கால். அதோடு பேச்சு முடிந்தது.

கோபம் வந்தது, ஆனால் அவர் பக்கமும் எனக்குத் தெரியும். மூன்று வருடம் முன்பு முழங்கால் மடங்க மறுத்தது. மெஷின் முன்னால் குந்த முடியாத மெக்கானிக்கை யார் கூப்பிடுவார்கள்? ஒரு மாதம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு நாள் பெரிய தாளை விரித்து, ஞாபகத்திலிருந்து ஒரு மெஷினை வரைந்தார். ஒரு ஸ்க்ரூ விடாமல், எதை முதலில் கழற்றுவது என்று எண் போட்டு. இதுவரை நாற்பத்தோரு மெஷின். நான் ஸ்கேன் செய்து வெப்சைட்டில் ஏற்றுகிறேன். இப்போது அவர் போகும் வேலை அதுதான். அதில் கத்தியை வைத்தால் அவரிடம் என்ன சொன்னதாக ஆகும்?

மார்ச் 9, ஞாயிறு

அவர் குளிக்கப் போன நேரத்தில் ஒரு படத்தைத் திருட்டுத்தனமாக ஆறு துண்டாக்கி என் போனில் பார்த்தேன். எழுத்து பளிச்சென்று தெரிந்தது. ஆனால் பம்ப் தனியாக நிற்கிறது. மெஷினில் அது மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? எனக்கே தெரியவில்லை.

அவர் சொன்னது சரி. அதுதான் எரிச்சல். எல்லாவற்றையும் அழித்துவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

படத்தைப் பெரிதாக வைத்து, பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கும்படி செய்தேன். பம்ப்பைத் தேடிப் போய் பெல்ட்டில் நின்றேன். இதுவும் சரிவரவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

இன்றைய நாளை எழுதாமல் விடக்கூடாது.

காலையில் நாத்தனாரிடமிருந்து போன். மெஷின் நிறையத் தண்ணீர், வடியவில்லை. "நீ வேலை செய், நான் நாற்காலியில உக்காந்து சொல்றேன்" என்று தங்கைக்கு வாக்குக் கொடுத்துவிட்டு ஆட்டோ பிடித்துப் போனார். ஒரு மணி நேரத்தில் எனக்கு அழைப்பு.

"ஏம்மா, பதினேழாம் நம்பர் படத்தை எடு. கம்ப்யூட்டர்ல எடு."

இந்த மாடலில் பம்ப்பை முன்னாலிருந்து எடுப்பதா, பின்பக்கத் தகட்டைக் கழற்றுவதா என்பது மறந்துவிட்டதாம்.

"ஏங்க, உங்க போன்லயே நம்ம வெப்சைட் வருமே?"

மிகச் சிறிய குரலில், "வருது. எறும்பு ஊருது."

பின்னால் நாத்தனார், "அண்ணி, அண்ணன் போனை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்க்கிறார்!" என்று கத்தினாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். கேட்டிருக்கும்.

அப்புறம் படத்தை வைத்துக்கொண்டு நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். முன்னால், கீழே, வலது மூலையில் சின்ன மூடி. அடியில் ஒரு தட்டை வையுங்கள், தண்ணீர் வரும். அவர் அதைத் திருப்பிச் சொல்ல, நாத்தனார் செய்தாள். ஒவ்வொன்றும் முடிந்ததும், "ம், அடுத்தது" என்றார். பம்ப்புக்குள்ளிருந்து ஒரு சட்டைப் பொத்தானும், மூன்று மாதமாக வீட்டையே புரட்டிப்போட்டுத் தேடிய கம்மலும் வந்தன. நாத்தனார் அழுதே விட்டாள்.

சாயங்காலம் வந்தவரிடம், "பதினொரு தடவை 'அடுத்தது'ன்னு சொன்னீங்க" என்றேன்.

"எண்ணிக்கிட்டா இருந்தே?" என்றார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை, அதுவே பெரிது.

மார்ச் 17, திங்கள்

நேற்று போனில் நான் சொன்னதையே வெப்சைட்டில் பக்கம் பக்கமாகச் செய்துவிட்டேன்! மேலே முழு மெஷின், சின்னதாக, பெயர்கள் இல்லாமல். கை வைக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு சிவப்பு வட்டம். அதன் கீழே அந்த ஒரு பகுதி பெரிதாக. ஒரே ஒரு வரி. அடியில் ஈர விரலுக்கும் தப்பாத பெரிய பட்டன்: அடுத்தது. கம்ப்யூட்டரில் வருபவர்களுக்குப் பழைய பெரிய படம் அப்படியே இருக்கும்.

இவர் வாங்கிப் பார்த்தார். பதினொரு தடவை அழுத்தினார். "வட்டம் போட்டது சரி. நாலாவதுல ஸ்க்ரூவோட தலை பாதி போயிருச்சு பாரு. பெரிய படத்தை வெட்டினா இப்படித்தான்." போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மார்ச் 22, சனி

ஐந்து நாளாக அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெரிய தாள் சுருட்டியபடியே கிடக்கிறது. தனியாகக் காகிதக் கடைக்குப் போய்வந்தார், என்ன வாங்கினார் என்று சொல்லவில்லை. நான் அவசரப்பட்டுட்டேனோ? வெட்டாதேன்னு சொன்ன மனுஷன்கிட்ட வெட்டினதையே நீட்டினா — எனக்கு எங்க போச்சு புத்தி?

என் போனை வேறு அரை மணி நேரம் காணோம். அவர் மேசையில் பென்சிலுக்குப் பக்கத்தில் இருந்தது. நான் எப்போது அங்கே வைத்தேன்? வயதாகிறது.

மார்ச் 29, சனி

எறும்பு எழுத்துப் பெண் மறுபடி எழுதியிருக்கிறாள். அவளுடையதும் பதினேழாம் நம்பர்தானாம். "தண்ணி வடிஞ்சிடுச்சு! ரெண்டு கையும் வேலையா இருந்ததால பட்டனை மூக்கால அழுத்தினேன்."

சத்தமாக வாசித்தேன். இவர் சிரித்துச் சிரித்து இருமினார். பிறகு, "நாலாவதுல தடுமாறினாளாமா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் எழுதலீங்க."

"தடுமாறியிருப்பா" என்றார்.

ஏப்ரல் 3, வியாழன்

அவர் முடிவெட்டப் போயிருந்தபோது மேசையைத் துடைத்தேன். ஸ்கேலுக்கு அடியில் ஒரு கட்டுத் தாள். எல்லாம் ஒல்லி ஒல்லியாக, உள்ளங்கை அகலத்துக்கு வெட்டியது. மேல் தாளில் வெறும் பென்சில் கோடு, ஒரு நீள்சதுரம், மூலைகள் வளைந்து. என் போனை வைத்துச் சுற்றிலும் கோடு இழுத்திருக்கிறார்!

கீழே பதினேழாம் நம்பர் மெஷின், புதிதாக, முதலிலிருந்து. ஒரு தாளுக்கு ஒரு வேலை. ஒவ்வொன்றின் தலையிலும் கட்டைவிரல் அளவு முழு மெஷின். எழுத்துகள் கொட்டை கொட்டையாக. நாலாவதில் ஸ்க்ரூவின் தலை முழுசாக இருக்கிறது. பதினொரு தாள். அதற்குக் கீழே பதினெட்டாம் நம்பரை ஆரம்பித்திருக்கிறார்.

எல்லாத் தாளிலும் அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒன்றும் வரையாமல் விட்டிருந்தார். தாளை வீணாக்காத மனிதர் ஆயிற்றே என்று யோசித்துக்கொண்டே புரட்டினேன். கடைசித் தாளில் அந்த இடத்தில் பென்சிலால் சின்னதாக எழுதியிருந்தது: இவளோட பட்டனுக்கு.