ஆசான்மாரின் கைகளைக் கட்டிய ஆணை குறித்துத் தென்கரை ஆளுநர்க்கு அரசியார் விடுத்த திருமுகம்

நலம் சூழ்க. நீர்வளம் குன்றாதிருக்க. மூன்று ஆறுகளுக்கும் ஒன்றரை மலைக்கும் உரிமையுடையவரும், மீதமுள்ள அரை மலைக்காக அண்டை நாட்டாரோடு தலைமுறை தலைமுறையாக வழக்காடி வருபவரும், நாரைக்கொடி உயர்த்தியவரும், நேற்று மாலை முதல் ஓயாது தும்மிக்கொண்டிருப்பவருமாகிய வெண்ணாரை நாட்டுப் பேரரசி நிலமங்கை மாதேவி, தென்கரை மண்டலத்தை நம் பெயரால் ஆளும் பெருந்தகையும், யானைப்படை உடையவரும், நம்மைப் பெற்ற அன்னைக்கு இளையவருமாகிய அம்மான் சேந்தன் மழவராயர்க்கு விடுக்கும் திருமுகம். உம் மண்டலத்துக் கன்றும் கழனியும் செழிக்க. உம் குடிகள் பசியறியாதிருக்க. உம் மீசை இருபுறமும் ஒருசேரத் தழைக்க.

நீர் விடுத்த விண்ணப்பம், நம் ஈர உடை உலரும் முன்பே நம் கைக்கு வந்து சேர்ந்தது. உம் தூதனின் வேகத்தை மெச்சினோம். கருநீலி ஆற்றங்கரையில் உள்ள நம் கைத்தொழிற் கல்விச்சாலையில், பாட வேளையில் ஆசான்மாரின் கைகளைப் பின்னால் கட்டிவைக்கும் ஆணையை நாம் திரும்பப் பெற வேண்டும் என்றும், மரக்கலம் கட்டக் கற்பிக்கும் தச்சாசான் ஐயாறனைப் பதவியினின்று நீக்க வேண்டும் என்றும், சாலையை இழுத்து மூடி அதன் கொட்டகைகளை உம் யானைகள் நிற்பதற்கு விட வேண்டும் என்றும் அதில் வேண்டியிருக்கிறீர். மாணாக்கர் தாமே கட்டிய படகில் அரசியார் ஆற்றைக் கடக்கட்டும், படகு மூழ்கினால் சாலையை மூடிவிடலாம் என்று அவை நடுவே நீர் பந்தயம் வைத்தீர், நாமும் இசைந்தோம். நடு ஆற்றில் அப்படகு ஒழுகியதையும் நாம் தொப்பலாக நனைந்து கரையேறியதையும் கண்ணாரக் கண்டதாகச் சான்று பகர்கிறீர். கண்டது மெய்தான். ஆனால் அம்மானே, நீர் கரையில், குடை நிழலில், வெற்றிலை மென்றுகொண்டல்லவா கண்டீர்? படகுக்குள் நடந்ததை நாம் சொல்கிறோம், பொறுமையாகக் கேட்டருள்க.

கைகட்டும் ஆணை ஏன் பிறந்தது என்பதையே நீர் மறந்துவிட்டீர். சாலையில் பயின்று தேறியவர்களைத் துறைமுகத்துக்கு அனுப்பினோம். சில நாளில் துறைமுகத் தலைவர் நம்மிடம் வந்து நின்று, தலையைச் சொறிந்துகொண்டு, "பிள்ளைங்க தங்கமான பிள்ளைங்கதான் தாயி. ஆனா உளியக் கையில குடுத்தா, யாரோ வரப்போறாங்கன்னு ஒதுங்கி நிக்குதுங்க" என்று முறையிட்டார். நாம் நம்பவில்லை. நேரே சாலைக்குச் சென்று ஒரு மூலையில் அமர்ந்து பகல் முழுவதும் பார்த்தோம்.

பார்த்தபின் நம்பினோம். மாணாக்கன் உளியைப் பலகையில் வைப்பான். ஐயாறன் முகம் சுளிப்பார். மறுகணம், "தள்ளு தள்ளு, இப்படிக் குடு, நான் காட்டுறேன்" என்று உளியைப் பிடுங்கிக்கொள்வார். பொழுது சாயும்போது பலகை கண்ணாடிபோல் மின்னும்; மாணாக்கன் மேனியில் ஒரு துளி வியர்வை இராது. தறிக் கொட்டகையிலும் அதே கதை, குயவர் கொட்டகையிலும் அதே கதை. மடைப்பள்ளிக் கொட்டகையில் மாணாக்கர் இரண்டு ஆண்டுகளாகக் கற்றது, வெந்ததை வாயாரப் புகழ்வது ஒன்றே. விலகி நிற்கும் கலையில் நம் மாணாக்கரை வெல்ல எந்த நாட்டிலும் ஆளில்லை என்று அன்று தெளிந்தோம்.

நம் ஆசான்மார் சோம்பேறிகள் அல்லர், அதுவே தொல்லை. பட்டறையிலும் சூளையிலும் பேர்பெற்றவர்களைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து, நாளை முதல் பாடம் சொல்லும் என்று நிறுத்தினோமே ஒழிய, பாடம் சொல்வது எப்படி என்று ஒருவருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. ஆயுள் முழுவதும் படகு கட்டியவரை மாணாக்கர் முன்னால் நிறுத்தினால் அவர் என்ன செய்வார்? படகுதான் கட்டுவார்.

ஆகவே ஆசான்மாருக்குப் பயிற்சி அளிப்பது என்று முடிவு செய்து, நம் அவைப் பெரும்புலவரை அனுப்பினோம். அவர் எடுத்துக்கொண்ட பொருள், கற்பவரைப் பேசவிடுதலின் மேன்மை. அதைக் குறித்து மூன்று நாள் பேசினார்; இடையில் ஒருவரையும் பேசவிடவில்லை. ஆசான்மாருக்குப் பொன்னாடை போர்த்தி, எலுமிச்சைச் சோறு படைத்து, பயின்றார் என்று பொறித்த செப்புத்தகடும் தந்தோம். மடைப்பள்ளி ஆசான் அத்தகட்டை மோர்ப்பானைக்கு மூடியாக வைத்திருக்கிறார். மறுநாள் காலை கொட்டகை தோறும் "தள்ளு தள்ளு" என்னும் ஒலி முன்னிலும் உரத்து எழுந்தது. நமக்கு வந்த கோபத்தில்தான் அந்த ஆணை பிறந்தது.

எனினும் கொடுங்கோல் அல்ல நம் கோல். கட்டும் கயிறு பட்டுக்கயிறு. பாடம் தொடங்கும் மணி முதல் முடியும் மணி வரை மட்டுமே கட்டு. கை கட்டியிருக்கையில் மூக்கு அரித்தால் என் செய்வது என்று நெசவாசான் முறையிட்டதால், ஆசானுக்கு ஒருவராக மூக்குச் சேவகர் என்னும் புதுப் பதவியை உண்டாக்கி, அதற்கும் மானியம் வகுத்தோம்.

தொடக்கம் பெரும் கூத்தாக இருந்ததை மறைக்க மாட்டோம். குயவாசான் பானையை நெற்றியால் தட்டி வடிவாக்கப் பார்த்தார். நெசவாசான் ஊடை இழை ஓட்டும் நாடாவைக் காலால் எறிந்தார். ஆதலால் நெற்றியும் காலும் அடங்கும் என்று ஆணையைத் திருத்த நேர்ந்தது. ஐயாறன் பாடு மிகப் பரிதாபம். அவர் அறிந்ததெல்லாம் அவர் கையில் இருந்தது. வாயில் ஒன்றும் இல்லை. "அது வந்து... இப்படி... இந்தா இப்படி..." என்று தோளைக் குலுக்குவார். அதுவும் தொழிலின் ஒரு பகுதி என்று எண்ணி, மாணாக்கர் அனைவரும் உளியை எடுக்கும்போதெல்லாம் தோளைக் குலுக்கினர். அவர்களில் ஒருவன் இன்றும் குலுக்குகிறான்.

பிறகு அவர்களே ஒரு வழி கண்டார்கள். பாடம் முடிந்து கட்டவிழ்ந்ததும், ஆசான்மார் அனைவரும் புன்னைமரத்தடியில் கூடி, தோளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே, அன்றைக்கு எந்த இடத்தில் சொல் கிடைக்கவில்லை என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டனர். உளியை எவ்வளவு சாய்ப்பது என்று சொல்லத் தெரியாமல் ஐயாறன் விழிக்க, அப்பம் திருப்பும்போது கரண்டியைச் சாய்ப்பீரே, அவ்வளவு என்று மடைப்பள்ளி ஆசான் எடுத்துக் கொடுத்தார். மறுநாள் அதைச் சொன்னதும் மாணாக்கர் பலகையில் சீவல் சுருள்சுருளாக எழுந்ததாம். அன்று ஐயாறன் துள்ளிக் குதித்தார் என்றும், கை கட்டியிருந்தபடியால் நிலை தடுமாறி மரத்தூள் குவியலில் விழுந்தார் என்றும் அவருடைய மூக்குச் சேவகர் வாயால் அறிந்தோம்.

அவ்வாறிருக்கையில்தான் ஓடக்காரர் மகள் உமையாழ் இடக்கைக்காரி என்பதை ஐயாறன் கண்டார். அவள் இரண்டு ஆண்டுகளாக அவரிடம் பயில்கிறாள். அவர் முன்னிலையில் ஒருநாளேனும் உளியை முழுதாகப் பிடித்திருந்தாலல்லவா எந்தக் கை என்று தெரியும்? அன்றிரவு அவர் உண்ணவில்லை என்று கேட்டு நமக்கும் சோறு இறங்கவில்லை.

இதற்கிடையில் உம் மீசை. பொது நலன் கருதியே விண்ணப்பம் செய்வதாக மும்முறை எழுதியிருக்கிறீர், மும்முறையும் புன்னகைத்தோம். சாலையின் நாவிதர் கொட்டகையில் சவரம் இலவசம் என்று கேள்வியுற்று நீர் சென்று அமர்ந்ததும், மாணாக்கன் கத்தி வைக்கும் வேளை பார்த்து, ஆசான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா என்று திரும்பித் திட்டியதும், திரும்பியதால் இடப்புற மீசை தரையில் விழுந்ததும் நாம் அறிவோம். பாதி மீசைக்காக முழுச் சாலையை மூடக் கேட்பது உம் போன்ற பெரியவர்க்கு அடுக்குமா என்று மட்டும் கேட்டு, மேலே செல்கிறோம்.

இனி நேற்றைய செய்தி. படகில் உமையாழ் சுக்கான் பிடித்தாள். நால்வர் துடுப்பு வலித்தனர். ஐயாறன் கைகட்டுடன் நம் அருகில் அமர்ந்திருந்தார்; அவருடைய மூக்குச் சேவகரும் நம் காவலன் ஒருவனும் பின்னால் இருந்தனர். படகின் ஒரு பலகையைக்கூட அவர் தொட்டதில்லை. ஆனால் ஒவ்வொரு பலகையின் பெயரையும் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். நடு ஆற்றில் நம் காலடியில் பலகை இடுக்கு ஒன்று வாய் திறந்தது. நாம் அலறினோம் என்று எழுதியிருக்கிறீர். அலறவில்லை, அரச மரபுக்கேற்ப உரத்து வினவினோம்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது பொய்யில்லை. ஐவரும் போட்டது போட்டபடி எழுந்து, ஆசான் வந்து பார்க்க வழிவிட்டு, மிகுந்த பணிவோடு ஒரே பக்கமாக ஒதுங்கி நின்றனர். படகு சாய்ந்தது. நம் மணிமுடி கழன்று தண்ணீரில் மிதந்தது. மூக்குச் சேவகர் மயங்கி விழுந்தார். கயிற்றை அறுத்து ஆசானை விடுவி என்று காவலனுக்கு ஆணையிட்டோம். அவனும் குறுவாளை உருவினான்.

அப்போது ஐயாறன் சொன்னதை, சொன்னபடியே பொறிக்கிறோம். "வேணாம் தாயி, அவுக்காதீங்க. அவுத்தா என் கை சும்மா இருக்காது, நானே அடைச்சிருவேன். இன்னிக்கு நான் அடைச்சிட்டா, நாளைக்கு நடுக்கடல்ல இவ என்னைய எங்க போயித் தேடுவா?"

அம்மானே, அவருக்குக் கை கட்டியபடி நீந்தத் தெரியாது. தெரிந்தேதான் சொன்னார். நம் நாட்டில் நமக்கு மேல் ஆணையிடுபவர் எவருமில்லை; ஆயினும் அந்தக் கணத்தில் குறுவாளை உறையில் போடு என்று சொல்ல மட்டுமே நமக்கு வாய் வந்தது.

அவர் உமையாழ் பக்கம் திரும்பினார். "அஞ்சு பேரும் ஒரே பக்கம் நின்னா என்னாகும்? பிரிஞ்சு உக்காருங்க. உமையாழு, நீ வா. பஞ்ச எடுத்து எண்ணெயில நனை. இடது கையால திணி. ஊறுகாச் சாடிக்குத் துணி கட்டுவியே, அந்த இறுக்கம் வரணும். பதறாத, ஆறு எங்கயும் ஓடிப்போயிடாது" என்றார். ஆறு ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. பஞ்சைத் தட்டி இறக்க மரச்சுத்தி தேடினாள். அது ஆற்றோடு போயிருந்தது. நம் கையில் செங்கோல் இருந்தது, கொடுத்தோம். ஏழு தலைமுறைச் செங்கோல் ஒரு நல்ல வேலை செய்ததை நேற்றுத்தான் கண்டோம். மிதந்த மணிமுடியைப் பிடித்து நாமே நீரை இறைத்தோம். ஆழமான முடி, நன்றாகவே இறைக்கிறது.

ஒழுக்கு நின்றது. உமையாழ் தன் இடக்கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டாள். ஐயாறன் அழுதார். துடைக்கக் கை இல்லை, சேவகருக்கு நினைவு இல்லை. ஆகவே நம் முந்தானையால் நாமே துடைத்தோம். நம் கண்ணையும் அதே முந்தானையால் துடைத்துக்கொண்டோம் என்பதை எவரிடமும் சொல்லற்க.

ஒழுகுவது மூழ்குவதில் பாதி, ஆகவே பந்தயத்தில் பாதியாவது உமக்குச் சேரும் என்று வாதிட்டிருக்கிறீர். மூழ்கவில்லை, படகு கரை சேர்ந்தது, பந்தயம் முழுவதும் நமக்கே. ஆதலின் ஆணையிடுகிறோம். சாலை நிற்கும். ஐயாறன் தச்சாசானாக நீடிப்பார். புன்னைமரத்தடிக் கூட்டம் இனி மழையில் நனையலாகாது. உம் புது யானைக்கொட்டகையை அதற்கு ஒழித்துத் தருக, எண்ணெய்ச் செலவும் உம்முடையதே. ஆண்டுதோறும் ஒரு பருவம் ஆசான்மார் தத்தம் பட்டறைக்குத் திரும்பி, கட்டின்றி, ஆசை தீரத் தாமே வேலை செய்து, புதிதாக வந்தவற்றைக் கற்றுவர விடுப்பும் முழு ஊதியமும் அளித்தோம். அந்தப் பருவத்தில் அவர்கள் எவரை வேண்டுமாயினும் தள்ளு என்று சொல்லலாம்.

உமையாழ் இன்று முதல் அச்சாலையின் இளைய ஆசானாவாள். அவளுக்கும் பட்டுக்கயிறு அனுப்பியாயிற்று.

இவ்வோலை கண்டதும் நீர் நம் அவைக்கு நேரில் வந்து சேர்க. அழைத்துவர அதே படகு உம் துறையில் நிற்கிறது. அதே இடுக்கு, அதே பஞ்சு. செலுத்தி வருபவர் வேறு மாணாக்கர்; உமையாழ் உம் எதிரே கைகட்டி அமர்ந்து பாடம் சொல்லி வருவாள். நடு ஆற்றில் ஒழுகினால், அம்மானே, அடைக்க வேண்டியவர் நீரே.

நாரை முத்திரை இட்டோம். தும்மிக்கொண்டே இட்டதால் நாரை சற்றே சாய்ந்திருக்கிறது, ஆணை சாயவில்லை. ஆறும் அரசும் உள்ளளவும் இது நிலைக்க. நல்ல பஞ்சாகப் பார்த்துக் கொண்டு வருக.